ஓரத்தில்தான் இருக்கிறது வேலை

சென்னையில் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் கார் டீட்டெய்லிங் கடைகள் பெருகிவிட்டன. பழைய வாட்டர் சர்வீஸ் ஷெட்டுக்கும் இவற்றுக்கும் தூரம் அதிகம். குளிர்சாதன அறை, கூரை முழுக்க வெள்ளை விளக்குகள், எபாக்சி பூசிய தரை, நடுவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே வரும் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, பிலிம் எந்தக் கம்பெனி என்பது. இரண்டாவது, வாரண்டி எத்தனை வருஷம் என்பது. மூன்றாவது, விலை. யார் ஒட்டப்போகிறார் என்று கேட்ட ஒருவரையும் நான் பார்க்கவில்லை. பெயிண்ட் புரொடெக்‌ஷன் பிலிம், சுருக்கமாக பி.பி.எஃப்., எனப்படும் அந்தத் தெளிவான உறையைக் காரின் மேல் ஒட்டும் வேலையை அருகில் நின்று கவனித்தால், யாரும் கேட்காத அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது புரியும். நல்ல பிலிம் அவசியம்தான். ஆனால் அது இன்று காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள். பெயிண்ட் பிழைப்பதும் பிழைக்காததும் அதை ஒட்டும் கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு இந்தத் தொழில் பெயரும் கொடுக்கவில்லை, உரிய மதிப்பும் கொடுக்கவில்லை என்பது என் வாதம்.

முதலில், எதிலிருந்து காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். காரின் பெயிண்ட் என்று நாம் சொல்வது ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பூச்சுகள். உலோகத்தை ஒட்டி, துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியால் படியவைத்த பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பைத் தரும் கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 5 கிராம் எடையுள்ள ஒரு ஜல்லித் துண்டு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் மோதினால், மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 2 ஜூல். 200 கிராம் எடைக்கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் அதே ஆற்றல், ஆனால் இங்கே அது ஒரு கூரான முனையில் குவிகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. கிளியர் கோட் கீறலைத் தாங்கக் கடினமாகச் செய்யப்பட்டது. கடினமானது என்பதாலேயே அடிபட்டால் வளையாமல் சில்லாகப் பெயர்கிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்.ஏ.இ. ஜே400 என்ற சோதனை முறை இதற்கென்றே இருக்கிறது. சுமார் 9 முதல் 16 மில்லிமீட்டர் வரையுள்ள கற்களை அழுத்தக் காற்றால் பெயிண்ட் தகட்டின்மேல் வீசி, எத்தனை சில்லு பெயர்ந்தது என்று எண்ணுகிறார்கள். நம்மூரில் அரை இன்ச் ஜல்லி என்று விற்பது கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆய்வுக்கூடத்தில் அளந்து வீசும் அந்தக் கல்லை, தார்ப்பாய் போடாத டிப்பர் லாரி ஜி.எஸ்.டி. சாலையில் அளக்காமல் கொட்டிக்கொண்டு போகிறது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த ஆபத்து மற்ற கார்களைவிடக் கூடுதல். அதன் மூக்கு தாழ்ந்தது. முன்னே போகும் வண்டியின் சக்கரம் கிளப்பும் கல் நேராக அதன் முகத்துக்கு வருகிறது. அதன் டயர்கள் அகலமானவை, பிடிப்புக்காக மென்மையான ரப்பரில் ஆனவை. சாலையில் கிடக்கும் கல்லைப் பொறுக்கித் தன் காரின்மேலேயே எறிகின்றன. போர்ஷே 911 இதற்கு நல்ல உதாரணம். அதன் பின்பக்க ஃபெண்டர் கதவைத் தாண்டி வெளியே புடைத்து நிற்கும். முன்சக்கரம் எறியும் கல் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள அந்த வளைவில் வந்து விழும். 1970களின் 911 டர்போவில் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டையைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பினார்கள்; இன்றைய மாடல்களில் அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தெளிவான பிலிம் இருக்கிறது. காரைச் செய்தவர்களே பெயிண்ட்டை மட்டும் நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இப்போதைய 911-இன் உடல் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் இரும்பைப் போலச் செந்துரு பிடிக்காது. ஆனால் சில்லு பெயர்ந்த இடத்தில் உப்புக்காற்று நுழைந்தால், பெயிண்ட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பொரிந்து கொப்புளிக்கும். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் இந்தக் கார்கள் அதிகம் ஓடுவது மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில். கடல் மணலும் உப்பும் ஒருசேர இருக்கும் சாலை அது.

கல் மட்டும் எதிரியாக இருந்தால் கணக்கு எளிது. சாலை அழுக்கு இரண்டாவது எதிரி. அது வேலை செய்யும் விதமே வேறு. தார்த்துளி, நசுங்கிய பூச்சி, காக்கை எச்சம், சிமெண்ட் தூசு, பிரேக் பேடிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், உப்பு கலந்த போர்வெல் தண்ணீர் காய்ந்த வட்டங்கள் எல்லாம் இதில் அடக்கம். கல் ஒரு நொடியில் அடித்துவிட்டுப் போய்விடுகிறது. அழுக்கு உட்கார்ந்து அரிக்கிறது. எச்சத்தில் இருக்கும் அமிலம் வெயிலில் சூடான கிளியர் கோட்டில் தடம் பதிக்கிறது. இரும்புத் துகள் பெயிண்ட்டில் குத்தி நின்று, பிறகு துருப்பிடித்து, வெள்ளைக் காரில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிகிறது. ஒன்றைத் தடுக்கக் கனம் வேண்டும். மற்றொன்றைத் தடுக்க எதுவும் ஒட்டாத பரப்பு வேண்டும். இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளருக்கு யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. தொழிலின் பாதிக் குழப்பமும் பாதி ஏமாற்றும் இங்கேதான் தொடங்குகின்றன.

பிலிமின் கதை போர்க்களத்தில் தொடங்கியது. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கை விளிம்புகளை மணலும் உலோகச் சிதறல்களும் அரித்தன. அதைத் தடுக்க அமெரிக்க இராணுவத்துக்காக 3எம் நிறுவனம் உருவாக்கிய பாலியூரித்தேன் பிலிம்தான் இன்றைய பி.பி.எஃப்.-இன் மூதாதை. பந்தயக் கார்களின் மூக்குக்கு வந்து, பிறகு பணக்காரர்களின் கார்களுக்கு வந்தது. பழைய பிலிம்கள் வெயிலில் மஞ்சளாகின. இன்றைய நல்ல பிலிம், புற ஊதாக் கதிரில் எளிதில் மஞ்சளாகாத அலிஃபாட்டிக் வகைத் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், தொழிலில் டி.பி.யு. என்பார்கள். கீழே பசை, நடுவில் டி.பி.யு., மேலே மெல்லிய ஒரு மேற்பூச்சு. மொத்தக் கனம் 150 முதல் 200 மைக்ரான், அதாவது அடியில் இருக்கும் பெயிண்ட் முழுவதற்கும் சமம் அல்லது அதற்கும் மேல். கல் விழுந்தால் பிலிம் அமுங்கி, அடியின் விசையைப் பரப்பி, மீண்டும் எழுகிறது. மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ மறைந்துவிடும். கடைக்காரர்கள் பித்தளைப் பிரஷால் தேய்த்துக் காட்டி, வெந்நீர் ஊற்றி மறையச் செய்யும் வித்தை இதுதான். ஆனால் பிலிமை அறுத்துக்கொண்டு போன வெட்டு எந்த வெந்நீரிலும் ஆறாது. கல்லடியைத் தான் வாங்கிக்கொண்டு பெயிண்ட்டைக் காப்பதுதான் பிலிமின் வேலை. காயம்பட்ட பிலிமை உரித்துவிட்டு வேறு ஒட்டிக்கொள்ளலாம் என்பதில்தான் அதன் லாபம்.

இத்தனை நல்ல பொருளுக்குக் கை எதற்கு என்று கேட்கலாம். பிலிம் சுருளைத் திறப்பதற்கு முன் நடக்கும் வேலையைப் பார்த்தால் பதில் தெரியும். புதிதாக ஷோரூமிலிருந்து நேரே வந்த வெள்ளைக் கார். பார்வைக்கு ஒரு தூசு இல்லை. கழுவியபின் அதன்மேல் இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளிக்கிறார்கள். சில நிமிடங்களில் கதவின் கீழ்ப்பாதியிலும் பின்பம்பரிலும் ஊதா நிறக் கோடுகள் வழிகின்றன. பெயிண்ட்டில் குத்தியிருந்த இரும்புத் துகள்களோடு திரவம் வினைபுரியும் நிறம் அது. அழுகிய முட்டை வாடை அறையை நிரப்புகிறது. பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியை ஈரப்பரப்பில் தேய்க்கிறார்கள். பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பார்க்கிறார்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அந்த மெல்லிய உறை வழியாகத் தெரியும். அடுத்தது, பூச்சின் கனத்தைக் காட்டும் அளவுக்கருவி. அலுமினியப் பானட்டில் ஒவ்வொரு முழத்துக்கும் வைத்து மைக்ரான் குறிக்கிறார்கள். ஓரிடத்தில் திடீரென்று எண் இரண்டு மடங்கானால், அங்கே பட்டி பார்த்து மறுபூச்சு நடந்திருக்கிறது என்று பொருள். அந்த மறுபூச்சு சரியாகப் பிடிக்காததாக இருந்தால், நாளைக்குப் பிலிமை உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் இந்தச் சாதாரணக் கருவி அங்கே பேசாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும். பாலிஷ் போட்டுச் சுழல்கீறல்களை எடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான். அதில் எத்தனை மைக்ரானைத் தேய்த்து எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதும் மனிதர்தான். அதிகம் தேய்த்துப் பளபளக்க வைத்த பெயிண்ட், பிலிமுக்கு அடியில் பலவீனமாகவே கிடக்கும், யாருக்கும் தெரியாது.

ஒட்டும் வேலையைக் கவனிக்க ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னால் பானட்டின் ஓரத்தைச் சொல்வேன். தரையை ஈரமாக்கி, மின்விசிறியை நிறுத்தி, மோதிரமும் பெல்ட்டும் கழற்றிவைத்துவிட்டு, மாஸ்டரும் வேலை பழகும் பையனுமாக இருவர் பிலிமை விரிக்கிறார்கள். பின்தாளை உரிக்கும்போது எழும் நிலைமின்சாரம் தூசியை இழுக்கும் என்பதால், ஒருவர் உரிக்க உரிக்க மற்றவர் பேபி ஷாம்பு கலந்த தண்ணீரைப் பசைப்பக்கத்தில் தெளித்துக்கொண்டே வருகிறார். ஈரத்தில் பிலிம் வழுக்கும், இடம் சரிசெய்துகொள்ளலாம். நடுவில் நிலைநிறுத்தி, ஸ்க்வீஜியால் தண்ணீரை வெளியே தள்ளுகிறார்கள். அழுத்தம் போதாவிட்டால் நீர்க்கொப்புளம் நிற்கும். மிஞ்சினால் பசையில் கோடு விழும். நடுப்பகுதி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஓரத்துக்கு வந்ததும் வேகம் குறைகிறது. ஓரத்தில் ஆல்கஹால் கலந்த தண்ணீரைத் தெளித்து ஷாம்பு வழுக்கலைப் போக்கிப் பசையைப் பிடிக்கவைத்து, ஐந்தாறு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டி, அந்த மிச்சத்தைப் பானட்டின் உட்பக்கம் மடிக்க வேண்டும். மடிப்பின் உட்பக்கத்தில் தொழிற்சாலையில் துருவைத் தடுக்க அடித்த மெழுகு கசிந்து படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் மடித்தால் ஒரே மாதத்தில் எழுந்துவிடும். பிளேடு நுனியைச் சில வெட்டுகளுக்கு ஒருமுறை உடைத்துப் புது முனையை எடுக்கிறார் மாஸ்டர். மழுங்கிய பிளேடை அழுத்த வேண்டிவரும். அழுத்தினால் 200 மைக்ரான் பிலிமைக் கடந்து பெயிண்ட்டில் கோடு விழும். பிலிமை மட்டும் அறுத்து, அடியில் உள்ளதைத் தொடாமல் நிற்கும் அந்த அழுத்தத்துக்கு அளவுகோல் இல்லை. “அதிகமா வேணாம்டா, பிளேடு தானா போகும், நீ புடிச்சுக்கிட்டா போதும்” என்று அவர் பையனிடம் சொல்வதுதான் பாடம். பையன் தலையாட்டுகிறான்: “சரிண்ணா.” அவன் பழகுவதற்கு ஓர் அடிபட்ட பழைய பானட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

பழுதாகித் திரும்பி வரும் கார்கள்தான் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி. பிலிம் தூக்கிக்கொண்டு அழுக்கேறிக் கறுத்த கோடாய்த் தெரியும் ஓரங்கள். விளக்கொளியில் மின்னும் அடைபட்ட தூசுகள். பக்கக் கண்ணாடிக் கூட்டில் அதிகம் இழுத்து ஒட்டியதால் சில வாரங்களில் பின்வாங்கிச் சுருங்கிய பிலிம். பிலிமை உரித்தபின் மட்டுமே தெரியவந்த பிளேடு தடங்கள். இவற்றில் எதுவும் பிலிம் கம்பெனியின் குற்றம் இல்லை. மலிவான பி.வி.சி. பிலிம் மஞ்சளாகி மொறுமொறுப்பதும் உண்டு. அது பொருளின் குற்றம், வாங்குபவர் விலையைப் பார்த்தே ஊகித்துவிடலாம். மற்றதெல்லாம் கையின் கணக்கு. இப்போது வாரண்டி அட்டையைப் படியுங்கள். மஞ்சளாதல், வெடித்தல், அடுக்குப் பிரிதல் போன்ற பொருட்குறைகளைத்தான் பிலிம் கம்பெனிகளின் வாரண்டி பொதுவாக ஏற்கிறது. கல் அடித்துக் கிழிவதையும் ஒட்டியதில் நேர்ந்த பிசகையும் அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதில்லை. மாஸ்டர் ஒருவர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “பிலிமுக்குக் கம்பெனி வாரண்டி தருது சார். ஓரத்துக்கு நான்தான் வாரண்டி.” அட்டையில் அவர் பெயர் கிடையாது. ரோலின் வரிசை எண் இருக்கிறது, கடையின் முத்திரை இருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கைக்கு இனி என்ன வேலை என்பது முதல் மறுப்பு. ஒவ்வொரு மாடலுக்குமான அளவு மென்பொருளில் இருக்கிறது. பிளாட்டர் இயந்திரம் பிலிமைக் காருக்கு வெளியிலேயே வெட்டிக் கொடுத்துவிடுகிறது. பெயிண்ட்டின்மேல் பிளேடு படும் ஆபத்தே இல்லை. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. பிளேடு பிடிக்கப் பயப்படும் கடைகளுக்கு பிளாட்டர் வரப்பிரசாதம். ஆனால் துணியை அளவாக வெட்டிக் கொடுத்துவிட்டதாலேயே ரவிக்கை உடம்புக்குப் பொருந்திவிடாது. பிலிம் தட்டையான தாள்; பக்கக் கண்ணாடிக் கூடு இருபுறமும் வளைந்த பரப்பு. தட்டையானதை அப்படியொரு வளைவில் சுருக்கமின்றி ஒட்ட எங்காவது இழுக்க வேண்டும், எங்காவது சுருக்க வேண்டும். எங்கே, எவ்வளவு சூட்டில் என்பதைப் பிளாட்டர் சொல்வதில்லை. அதோடு, இயந்திரம் வெட்டும் துண்டு ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிடும் அளவுகளே பல. ஒரு பக்கம் கொஞ்சம் நகர்ந்து ஒட்டினால் எதிர்ப்பக்கம் பெயிண்ட் வெளியே தெரியும். கைத்திறனின் ஒரு பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மீதியின் முக்கியத்துவம் அதனால் கூடியிருக்கிறது.

செராமிக் கோட்டிங் இருக்கும்போது இத்தனை செலவு எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. செராமிக் விளம்பரங்களில் ‘9எச் கடினம்’ என்று போடுகிறார்கள். அந்த 9எச் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலின் 9 இல்லை. செராமிக் பூச்சின் கனம் சில மைக்ரான்களே. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், எச்சமும் பூச்சிக்கறையும் சுலபமாகக் கழுவப்படும், கழுவும் நேரம் குறையும். இவை உண்மையான நன்மைகள். கல்லைத் தடுப்பதாகச் சொல்வது மட்டும் பொய். முன்னே நான் பிரித்துக் காட்டிய இரண்டு எதிரிகளில் அழுக்குக்கு செராமிக், கல்லுக்கு பிலிம். தெரிந்தவர்கள் பிலிமின்மேலேயே செராமிக் பூசுகிறார்கள். மூன்றாவதாக, அடிபட்டால் மறுபடி பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமே என்பார்கள். தொழிற்சாலையில் வெறும் உடற்கூட்டை மட்டும் அடுப்பில் விட்டு, கிளியர் கோட்டை 130, 140 டிகிரி வரை சுட முடிகிறது. வயரிங்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் மாட்டிய காரை அப்படிச் சுட முடியாது. பட்டறையின் பெயிண்ட் பூத்தில் 60 டிகிரியை ஒட்டித்தான் உலர்த்துகிறார்கள். நல்ல டிங்கரிங்காரரும் நல்ல பெயிண்டரும் சேர்ந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் செய்துவிடுவார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காரை விற்கப்போகும் நாளில், வாங்குபவர் கொண்டுவரும் அளவுக்கருவிக்கு அது தெரிந்துவிடும், விலை இறங்கும்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ஒருவரின் விளையாட்டுப் பொருளுக்கு லட்சக்கணக்கில் செலவழித்து உறை போடுவது சமூகத்துக்கு எதற்கு? சாலையில் ஜல்லி சிந்தாமல் லாரியை மூடச் செய்வதும், சாலையைக் கூட்டுவதும் அல்லவா செய்ய வேண்டிய வேலை? இதில் இரண்டாவது கேள்விக்கு மறுபேச்சு இல்லை. காருக்குப் பெயர்வது பெயிண்ட். அதே கல் பைக்கில் போகிறவருக்குக் கண். டிப்பருக்குத் தார்ப்பாய் போடவைப்பது காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய காரியம். பிலிம் அதற்கு ஈடாகாது. முதல் கேள்விக்கு என் பதில், காரைப் பார்க்காமல் வேலையாளைப் பாருங்கள் என்பது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டியும் கண்ணாடிக்கு சன் பிலிம் ஒட்டியும் பழகிய கைகள்தான் இந்தத் தொழிலுக்கு வந்தவற்றில் பல. 2012-இல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டத் தடை விதித்தபோது, ஒரே தீர்ப்பில் அந்தத் தொழிலின் பெரும்பகுதி போயிற்று. ஸ்க்வீஜியும் ஹீட் கன்னும் பிடிக்கத் தெரிந்த கை, கண்ணாடியிலிருந்து வளைந்த உலோகத்துக்கு மாறியது. அந்தத் திறன் பணக்காரக் காரோடு நின்றுவிடவும் இல்லை. நடுத்தரக் குடும்பம் தவணையில் வாங்கிய காரின் கதவு ஓரத்துக்கும் ஹெட்லைட்டுக்கும் ஒட்டிக் கொடுப்பதும் இதே கைகள்தான். ஆடம்பரப் பொருளுக்கான தேவை ஒரு நுட்பத்தை வளர்த்தெடுப்பது நம்மூர்க் கைத்தொழில்களில் புதிதும் இல்லை.

அந்தக் கைகளின் நிலைமைதான் கவலைக்குரியது. பம்பருக்கு ஒட்ட வேண்டுமானால் தரையில் குந்தியும் ஒருக்களித்துப் படுத்தும் மணிக்கணக்கில் வேலை. கூரைக்கு ஒட்ட ஏணியில் நின்று இடுப்பை வளைக்க வேண்டும். ஆல்கஹால் ஆவியும் இரும்பு நீக்கியின் வாடையும் மூடிய அறையில்தான் சுற்றுகின்றன. தூசி வரக்கூடாது என்பதற்காகவே காற்றுப்போக்கை அடைத்து வைத்திருக்கிறார்கள். கைவிரல் நுனிகள் எப்போதும் ஈரத்தில் ஊறி, தோல் வெடித்திருக்கின்றன. பிளேடு வெட்டு இல்லாத இடது கட்டைவிரல் அபூர்வம். ஒரு துண்டு வீணானால் சுருளில் எத்தனை அடி போயிற்று என்று முதலாளி கணக்குப் பார்க்கிறார். துண்டு சரியாக வந்தால் அது கம்பெனி பிலிமின் பெருமை. பிலிம் கம்பெனிகள் சில நாள் பயிற்சி வைத்துச் சான்றிதழ் தருகின்றன, அது பயன்தான். ஆனால் ஓரம் மடிப்பதும் பிளேடு பிடிப்பதும் மாஸ்டர் பக்கத்தில் நின்று, பழைய பானட்டில் வீணாக்கி வீணாக்கிக் கற்றுக்கொள்கிற விஷயங்கள். அப்படிக் கற்றவர் நல்ல வேலைக்காரராக ஆனதும், இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை கொஞ்சம் கூடுதல் சம்பளம் சொல்லும்; போய்விடுவார். வாடிக்கையாளர் பழைய கடையின் பெயரை நம்பி வருவார். ஒட்டப்போவது நேற்றுச் சேர்ந்த பையனாக இருக்கும். பெயர் கடைக்கும் திறன் ஆளுக்குமாகப் பிரிந்து கிடக்கும் வரை இந்த ஏமாற்றம் தொடரும்.

எனவே காசு கொடுக்கிறவர் சில விஷயங்களைச் செய்யலாம். காரின் உடல் முழுக்க ஒட்டத்தான் வேண்டும் என்பது விற்பனைப் பேச்சு. கல் விழும் இடங்கள் தெரிந்தவை: முன்பம்பர், பானட், முன்ஃபெண்டர்கள், ஹெட்லைட், பக்கக் கண்ணாடிக் கூடுகள், முன்கண்ணாடியின் இரு ஓரத் தூண்கள், கதவுக்குக் கீழுள்ள பட்டை, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள புடைப்பு. இந்த இடங்களுக்கு நல்ல கையால் ஒட்டிய பிலிமும், மீதிக்கு ஒரு செராமிக் பூச்சும் போதும். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் கூலியில் சேரட்டும். நிறப் பிலிம் ஒட்டிக் காரின் நிறத்தை மாற்றுகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் அதைப் பதிய வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒட்டுவதற்கு முன் எடுத்த மைக்ரான் அளவுகளை எழுதி வாங்குங்கள். கடை ஏற்கெனவே ஒட்டி, ஒரு வருடமாவது ஓடிய கார் ஒன்றின் ஓரங்களைக் காட்டச் சொல்லுங்கள்; நேற்று முடித்த கார் எல்லாக் கடையிலும் அழகாகத்தான் இருக்கும். ஒட்டியபின் முதல் ஒரு வாரம் காரைக் கழுவாதீர்கள். ஓரத்தின் ஈரம் காயட்டும். டிப்பருக்குப் பின்னால் போனால் இடைவெளி விடுங்கள்; அதற்குச் செலவே இல்லை. கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரண்டி அட்டையில் ரோலின் எண்ணுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். அதன் கீழே ஒட்டியவரின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த வரி காலியாக இருந்தால், வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போகட்டும்.